வாக்கியத்தை முடித்து வைக்காதவர்

"இருபத்திரண்டு வருஷமா இந்த வேலையில இருக்கேன். இன்னொருத்தர் வாக்கியத்த நான் முடிச்சு வெச்சதா சரித்திரமே கிடையாது" என்று அந்த அம்மாள் சொன்னது, மருத்துவமனை ஆண்டு விழா மேடையிலிருந்து இறங்கிய கையோடு. மேடையில் நடந்தது இதுதான். இயக்குநர் வரவேற்புரை ஆற்றிக்கொண்டிருந்தார். "நமது மருத்துவமனையின் தலையாய குறிக்கோள்..." என்று ஆரம்பித்தவருக்கு அந்தக் குறிக்கோள் என்ன என்பது மறந்துவிட்டது. பக்கத்தில் நிகழ்ச்சித் தாளோடு நின்றவர் இந்த அம்மாள். தாளில் குறிக்கோள் கொட்டை எழுத்தில் இருந்தது. அவர் தாளைக் காட்டவில்லை, காதில் ஓதவில்லை, இருமிக்கூடப் பார்க்கவில்லை. இயக்குநரின் முகத்தைக் கனிவோடு பார்த்தபடி நின்றார். நாற்பது வினாடி கழித்து, "நோயாளிகள்தான்" என்று இயக்குநர் தாமாகவே கண்டுபிடித்தார். கைதட்டல் பலமாக இருந்தது.

கீழே வந்ததும், "ஏம்மா, ஒரு வார்த்த எடுத்துக் குடுத்திருந்தா கொறஞ்சா போயிருப்பீங்க?" என்று இயக்குநர் கேட்டதற்குத்தான் மேலே சொன்ன பதில். "நீங்களே சொல்லிட்டீங்கல்ல சார். நல்லா தெளிவா சொன்னீங்க" என்று ஒரு பாராட்டையும் சேர்த்துக் கொடுத்தார். பக்கவாதம் வந்தவர் 'சீப்பு' என்று சொல்லிவிட்டால் கொடுக்கிற அதே பாராட்டு.

அம்மாளின் வேலை, மூளையில் ரத்தக்குழாய் அடைத்தோ வெடித்தோ நரம்பு தளர்ந்தோ பேச்சையும் குரலையும் தொலைத்தவர்களுக்கு அவற்றைத் தேடிக் கொடுப்பது. கதவின் மேல் பெயர்ப்பலகை நீளமாக இருக்கிறது. அதைப் படிக்க முடிந்தவர்கள் அந்த அறைக்கு வருவதில்லை. வருகிறவர்களால் படிக்க முடிவதில்லை. ஊழியர்கள் மத்தியில் அவருக்கு 'சிக்னல்' என்று பெயர். வைத்தவர் லிஃப்ட் இயக்குபவர். "மூணாவது மாடியாம்மான்னு கேட்டேன் சார். வாயத் தொறக்கல. நான் இன்னும் என்னமோ சொல்லப் போறேன்னு என் மூஞ்சியவே பாக்கறாங்க. செவப்பு விழுந்த மாதிரி ரெண்டு பேரும் நின்னுகிட்டு இருந்தோம். அதுக்குள்ள மேல ஆறு பேரு மணி அடிச்சுட்டாங்க."

சிக்னலின் அறை தரைத்தளத்தின் கடைசியில், தண்ணீர் மோட்டார் அறைக்கும் துணி வெளுக்கும் அறைக்கும் நடுவில் இருக்கிறது. பேச்சுக்கு அமைதி தேவை என்பதை நிர்வாகம் அறியும். அதனால்தான் மோட்டாரை அரை மணிக்கு ஒரு தடவை மட்டும் ஓட விடுகிறார்கள். மூன்று மாதம் வாயைத் திறக்காதவர் திறக்கும் நேரம் பார்த்து அது ஓடும். உள்ளே ஒரு மேசை, கைப்பிடி வைத்த நாற்காலிகள், நோயாளி தன் வாயைத் தானே பார்க்க ஒரு கண்ணாடி, சத்தத்தை அளக்கும் ஒரு சிறு கருவி, ஓரம் நைந்த படஅட்டைகள் ஒரு பெட்டி: சீப்பு, சாவி, கோப்பை, நாய், கண், பேருந்து.

உதவி செய்வதற்கு அவரிடம் ஒரு படிக்கட்டு உண்டு. நோயாளி ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டால் முதலில் மனதுக்குள் பத்து எண்ணுவார். வராவிட்டால் கையால் ஜாடை. அதற்கும் வராவிட்டால் சத்தமில்லாமல் வாயை அந்தச் சொல்லுக்கு ஏற்றபடி குவித்துக் காட்டுவார். அதற்கும் அசையாவிட்டால் முதல் ஒலியை மட்டும் கொடுப்பார். 'சாவி'க்கு ஒரு 'ச்'. "அதுக்கு மேல படி கெடையாதுங்க. மொட்ட மாடிதான்" என்பார். "முதல் சத்தம் வரைக்கும் நான் குடுக்கலாம். மிச்சம் அவங்க சொத்து. அதுல நான் கை வெச்சா திருட்டு."

இந்த நேர்மையால் அவர் வீடு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கணவர் பள்ளியில் கணக்கு ஆசிரியர். கல்யாணமான புதிதில், "அந்த... இத எங்க வெச்ச?" என்று எல்லாக் கணவர்களையும் போலத்தான் பேசிக்கொண்டிருந்தார். மனைவி நிற்பார், பார்ப்பார், காத்திருப்பார். இன்று அவர், "நேத்து சாயங்காலம் மேசமேல நான் வெச்ச நீல உறை போட்ட கண்ணாடி இப்ப எங்க இருக்கு?" என்று கேட்கிறார். அவர் பேசி முடித்தால் முற்றுப்புள்ளி காதில் விழும்.

மகள் கல்லூரி மாணவி. "எங்க போயிருந்த?" என்று அம்மா ஒரு தடவைதான் கேட்பார். "லைப்ரரிம்மா" என்று வரும். அம்மா கண் சிமிட்டாமல் காத்திருப்பார். "லைப்ரரிக்குப் போகலாம்னுதான் கெளம்பினேன்." காத்திருப்பு. "சரி, போகல." காத்திருப்பு. "போன மாசமும் போகல." இந்தக் கொடுமைக்கு அடியும் திட்டும் எவ்வளவோ மேல் என்பது மகளின் கருத்து.

குழாய் சரிசெய்ய வந்தவர் கதையும் இதேதான். "வேல முடிஞ்சுதும்மா" என்று நிமிர்ந்தவர், அந்த அம்மாள் தன் வாயையே பார்ப்பதைக் கண்டார். "வாஷர் புதுசுதான்" என்றார். பார்வை நகரவில்லை. "பழசுதான்மா. கழுவிப் போட்டேன்" என்று மறுபடி குனிந்துவிட்டார். சிக்னல் யாரையும் சந்தேகப்பட்டவர் இல்லை. எதிராளி இன்னும் முடிக்கவில்லை என்று நினைக்கிறார், அவ்வளவுதான்.

அவரிடம் வருகிறவர்கள் பலவகை. நன்னெறி வகுப்பு எடுத்த ஒரு முன்னாள் தலைமையாசிரியர் இருக்கிறார். பக்கவாதத்தில் 'தண்ணீர்' போய்விட்டது, 'நாற்காலி' போய்விட்டது, மனைவி பெயர் போய்விட்டது. கெட்ட வார்த்தைகளில் மட்டும் ஒன்றுக்கும் சேதமில்லை. மூளையில் அவை வேறு அறையில் பத்திரமாக இருக்குமாம். மருமகள் காதைப் பொத்திக்கொண்டு ஓட, சிக்னல் நிதானமாக ஃபைலில் எழுதினார்: 'உச்சரிப்பு மிகத் தெளிவு.'

நடுக்குவாதம் வந்து குரல் தேய்ந்துபோன கடிகாரம் பழுது பார்ப்பவர் ஒருவரும் உண்டு. தான் கத்துவதாக அவர் நினைத்துக்கொள்வார். எதிரே இருப்பவருக்குக் காற்றுதான் வரும். அளவுக்கருவியில் முள் எழுபதைத் தாண்டும்வரை 'ஆ' என்று கத்த வேண்டும் என்பது அவருக்குப் பாடம். இப்போது தாண்டுகிறது. "நாப்பது வருஷமா கொஞ்சம் சத்தமா பேசுங்கன்னு கெஞ்சினேன்" என்று அவர் மனைவி, வெளியே பெஞ்சில் காத்திருக்கும் எங்களைப் போன்ற உறவினர்களிடம் புலம்புவார். "இப்ப எங்க அக்காவப் பத்தி என்ன நெனைக்கறார்ங்கறது தெரு முழுக்கக் கேக்குது."

ஆனால் சிக்னலுக்குச் சவாலாக வந்தவர் ஹெட் கிளார்க். பத்திர அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். ஐந்து மாதம் முன்பு பக்கவாதம். வலது கை விழுந்தது. பேச்சில் ஒரே ஒரு தொடர் மட்டும் மிஞ்சியது. "நாளைக்கு வாங்க."

பசித்தால் "நாளைக்கு வாங்க." வலித்தால் உயர்ந்த குரலில் "நாளைக்கு வாங்க." நன்றி சொல்லக் கண்கலங்கியும் அதையேதான் சொல்வார். இப்படி ஒற்றைத் தொடர் மட்டும் மிஞ்சுவது மருத்துவத்தில் தெரிந்த விஷயம்தான். மற்ற சொற்களெல்லாம் எழுந்து போன பிறகும் இது மட்டும் இருக்கையை விட்டு நகரவில்லை. ஒரு நாள் பெஞ்சில் இருந்த ஒருவர் அந்தக் குரலைக் கேட்டுத் திடுக்கிட்டு எழுந்தார். "இவரா? எனக்கே பதினாலு தடவ சொன்னாரே. இங்க ஆள் வெச்சு அதையேதான் சொல்லிக் குடுக்கறாங்களா?"

கூட வருபவர் மனைவி. சிக்னலுக்கு நேர் எதிர்த் துருவம். கணவர் வாயைத் திறக்கும் முன்பே மொழிபெயர்ப்பு தயாராக இருக்கும். "நாளைக்கு வாங்க" என்று அவர் ஆரம்பித்தால், "ஃபேனக் கொறைக்கணுமாம்" என்பார். மறுபடி சொன்னால், "ரொம்பக் கொறைக்க வேணாமாம்." மூன்றாம் வகுப்பிலேயே மோதல் வந்துவிட்டது.

"அக்கா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

"நான் இல்லாம இவர் எப்படிம்மா பேசுவாரு?"

"நீங்க இருந்தா எப்படிப் பேசுவாரு?"

"முப்பத்தெட்டு வருஷமா நான்தான் முடிச்சு வெக்கறேன். ஒரு தடவ தப்புன்னு இவர் சொன்னதில்ல டாக்டரம்மா."

"சொல்ல விட்டீங்களா?"

கதவு சாத்தப்பட்டது. ஆனால் கதவுக்கு அடியில் நாலு விரற்கடை இடைவெளி உண்டு. அதன் வழியாக மொழிபெயர்ப்பு இன்னும் சில வாரம் தொடர்ந்தது.

அந்த அக்கா பெஞ்சில் உட்காரும் விதத்தைக் கவனித்தால் ஒன்று தெரியும். ஆள் இருக்கிறதா இல்லையா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. பக்கவாட்டுப் பார்வை இருண்டுவிட்டது. போனது போனதுதான், இருக்கிறதைக் காப்பாற்ற ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று கண் மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அதைச் செய்கிற மருத்துவர் அங்கே வருவது மாதத்தின் முதல் வியாழன் மட்டும். அக்கா இரண்டு வியாழனைத் தவறவிட்டாயிற்று. "இதையும் விட்டீங்கன்னா, அப்புறம் காப்பாத்தறதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காதும்மா" என்று அந்த மருத்துவர் சொல்லியிருந்தார்.

அக்காவோடு பெஞ்சில் உட்காருவது அவருடைய தம்பி. கார் ஓட்டிக்கொண்டு வருபவரும் அவர்தான்.

"நான் மூணு நாள் படுத்துட்டா இவர யாருடா பாப்பா?"

"நான் வந்து இருக்கேன்க்கா."

"வெந்நி வெக்கச் சொன்னா பாத்திரத்த எரிய விடறவன் நீ."

"மாமாவே போகச் சொன்னா போவியா?"

"அவர் வாயால சொல்லட்டும். அடுத்த நிமிஷம் போறேன்."

நடக்காது என்ற தைரியத்தில் கொடுத்த வாக்கு. மாமா தலையாட்டினாரே என்று தம்பி வாதாடினால், "வேணாம்னாலும் அப்படியேதான் ஆட்டறாரு" என்பார். அதிலும் பொய் இல்லை. ஆம், இல்லை இரண்டும் அவருக்கு இடம் மாறிக் கிடந்தன.

முதல் வியாழன் தவறிய வாரமே உள்ளே ஒரு காரியம் நடந்திருந்தது. ஹெட் கிளார்க் படஅட்டைகளையெல்லாம் இடது கையால் தள்ளிவிட்டு, கண் படத்தை மட்டும் எடுத்துக் கதவை நோக்கி நீட்டினார். கதவுக்கு அந்தப் பக்கம் மனைவி. பிறகு சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். "நாளைக்கு வாங்க" என்றார், நொந்துபோய். சிக்னல் ஒரு தாளில் நாலு வாக்கியம் எழுதி முன்னே வைத்தார். எழுத்து பெரிதாக, தெளிவாக இருந்தால் அவரால் கொஞ்சம் படிக்க முடியும். விரல் நாலையும் சுற்றிவிட்டு மூன்றாவதில் நின்றது. *இன்னைக்கே கிளம்பு.*

சிக்னல் தாளை வெளியே எடுத்துவந்து காட்டினார்.

"எனக்கு அது கோடா தெரியுதும்மா, எழுத்தா தெரியல" என்றார் அக்கா.

"நான் படிக்கறேன், கேளுங்க."

"நீங்க எழுதுனத நீங்க படிப்பீங்க. அவர் சொல்லலியே."

வேறு வழியில்லை. எட்டு வாரம் ஒரே வாக்கியம். ஹெட் கிளார்க்கின் இடது உள்ளங்கையை மேசைமேல் வைத்து, ஒவ்வொரு அசைக்கும் ஒரு தட்டு. சிக்னல் ஏறி இறங்கும் ஒரு ராகத்தில் அதை முனகுவார், அவர் கூடவே முனக வேண்டும். பேசும் பாதை அடைபட்டால் பாடும் பாதை வழியாகச் சொல்லை வெளியே கொண்டுவருகிற உத்தி அது. முதல் மாதம் "நாளைக்கே" வந்தது. பிறகு அதற்கும் இதற்கும் பிறந்த ஏதோ ஒன்று வந்தது. ஏழாவது வாரம் "இன்னைக்கே" வந்தது. முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் அவர் வாயில் வராத சொல். "கிளம்பு" பத்துக்கு மூன்று தடவைதான் வந்தது. சிக்னல் ஃபைலில் பத்துக்கு மூன்று என்றே குறித்தார். மூன்றரை என்று போட்டுப் பழக்கமில்லை.

மூன்றாவது மாதத்தின் முதல் வியாழன் வந்தது. நாலு மணிக்குள் கண் மருத்துவமனையில் போய்ச் சேர வேண்டும், காரில் இருபது நிமிடம். தம்பி எல்லாம் யோசித்து வைத்திருந்தார். அக்காவைச் சேர்த்துவிட்டு ஆறு மணிக்கு வந்து மாமாவை வீட்டுக்கு அழைத்துப் போவார். அதுவரை மாமா சிக்னலின் அறையிலேயே இருக்கலாம். அக்கா மாற்றுத்துணிப் பையைக்கூட எடுத்து வந்திருந்தார். "தம்பி எடுத்து வெக்கச் சொன்னான், வெச்சேன். அவ்வளவுதான்" என்று பெஞ்சில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றேகால் மணிக்கு, மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக, அக்காவை உள்ளே கூப்பிட்டார்கள். கணவருக்கு எதிரே நாற்காலி போட்டிருந்தது. தம்பி கார் சாவியோடு வாசலில் நின்றுகொண்டதால் கதவை யாரும் சாத்தவில்லை. பெஞ்சிலிருந்த நாங்கள் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டோம். யாரும் படிக்கவில்லை.

"சொல்லுங்க சார். அக்கா வந்திருக்காங்க" என்றார் சிக்னல்.

ஹெட் கிளார்க் மேசையைத் தட்டினார். "இன்... னைக்... கே."

அக்காவின் முகம் மாறிவிட்டது. ஐந்து மாதத்தில் கணவர் நேருக்கு நேர் அவரிடம் சொன்ன முதல் புதுச்சொல். ஒரு நொடிதான். "இன்னைக்கே வீட்டுக்குப் போகணுமாம் டாக்டரம்மா. களைச்சுட்டாரு பாவம்" என்று பைக்குக் கை நீட்டினார்.

"அக்கா. அவர் இன்னும் முடிக்கல."

அக்கா கையை இழுத்துக்கொண்டார்.

சிக்னல் பத்து எண்ணினார். கையை வாசல் பக்கம் வீசி ஜாடை காட்டினார். வாயைக் காட்டினார். கடைசிப் படியில் ஏறி, "கி" என்றார். ஹெட் கிளார்க்கும் "கி" என்றார். அங்கேயே நின்றுவிட்டார். மோட்டார் ஓட ஆரம்பித்தது.

"அக்கா, மூணு முப்பத்தஞ்சு" என்றார் தம்பி.

"இருடா. அவர் சொல்லட்டும்."

அக்கா பையின் கைப்பிடியை முறுக்கிக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் முடித்து வைக்காமல் இருந்தார். முடிக்கத் தெரியாமல் அல்ல. சொல் அவர் தொண்டையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது எங்களுக்கே தெரிந்தது.

"இன்னைக்கே" என்றார் ஹெட் கிளார்க் மறுபடியும். முன்னைவிட மெல்ல. நெற்றி வியர்த்திருந்தது. மூன்றாம் தடவை "இன்னை" வரைதான் வந்தது. தட்டுகிற கை தாளம் தப்பியது. சிக்னல் எண்ணிக்கொண்டே இருந்தார். எண்ணிக்கை பத்தை எத்தனை தடவை தாண்டியதோ. மூன்று முப்பத்தெட்டு என்று தம்பி சொல்ல, யாரும் திரும்பவில்லை.

ஹெட் கிளார்க் மூச்சை இழுத்து வாயைத் திறந்தார். நாங்கள் பார்த்தது ஒரு மனிதர் வாயைத் திறந்ததை. இருபத்திரண்டு வருடமாக வாய்களையே பார்த்துக்கொண்டிருப்பவர் பார்த்தது வேறு. நாக்கின் நுனி மேலே எழுந்து முன்பற்களுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. 'கி' பிறக்கிற இடம் அது அல்ல, 'கி' பிறப்பது தொண்டைப் பக்கம். இந்த இடத்தில் பிறப்பது 'நா'. அதற்குப் பின்னால் முப்பத்தொரு வருடம் வரிசையில் நிற்கிறது. அது வெளியே வந்துவிட்டால், நாளைக்குப் போகலாம் என்று கணவர் வாயாலேயே அக்காவுக்கு உத்தரவு கிடைத்துவிடும்.

சிக்னல் எழுந்தார். மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி, ஹெட் கிளார்க்கின் வாயை மெல்லப் பொத்தினார்.

"கிளம்பு" என்றார். எட்டு வாரம் முனகிய அதே ராகத்தில், அக்காவைப் பார்த்து.

அக்காவுக்குக் கண்ணில்தான் கோளாறு, காதில் இல்லை. கணவரின் முகம் இருக்கும் பக்கம் திரும்பினார். பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"உங்க மாமா சொல்லிட்டாரு" என்றார் தம்பியிடம். "வண்டிய எடு."

சுவரைத் தடவிக்கொண்டே தாழ்வாரம் முழுக்க நடந்து போனார். உள்ளே, பொத்திய கைக்கு அடியில் ஹெட் கிளார்க்கின் உதடுகள் அசைய ஆரம்பித்தன. வழியனுப்ப ஏதோ சொல்ல வந்தார். கார் கேட்டைத் தாண்டும் சத்தம் கேட்கும்வரை சிக்னல் அந்தக் கையை எடுக்கவில்லை.